அடிமையாக்கும் ஆபத்து குறைவு என்ற மாத்திரைக்கு ஏன் இத்தனை கெடுபிடி?

கேள்வி: ஐயா, எங்களுக்கு இராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடம். அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் கால் எரிச்சல். இரவில் ப்ரீகாபலின் 75 போடுகிறார். அம்மாவுக்குப் பதற்றம், தூக்கமின்மை, அல்ப்ரஸோலம் 0.5 எழுதியிருக்கிறார்கள். துபாயில் வேலை பார்க்கும் அண்ணன், "இவை இரண்டும் அமெரிக்கச் சட்டத்தில் அடிமையாக்கும் ஆபத்து குறைந்த மருந்துகளாகத்தான் வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன" என்கிறார். அப்படியிருக்க, மருந்துக்கடையில் அம்மாவின் மாத்திரைக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் சீட்டு கேட்டு நோட்டில் எழுதுவது ஏன்? போன மாதம் மண்டபத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். பையில் இருந்த அட்டைகளைக் காட்டி "இதெல்லாம் யாருக்கு?" என்று கேட்டதில் அம்மா நடுங்கிப் போனார். இவை போதைப்பொருளா? எவ்வளவு வைத்திருக்கலாம்? அண்ணன் தன் முதுகுவலிக்கு இங்கே எழுதிக் கொடுத்த ட்ரமடாலை எடுத்துப் போகலாமா?

பதில்:

தம்பி, முதலில் அம்மாவுக்கு ஆறுதல் சொல்லுங்கள். டாக்டர் சீட்டோடு, தன் நோய்க்காக, அளவோடு வாங்கி வைத்திருக்கும் மாத்திரைக்காக அவர் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. சட்டமே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. அதுவும் எண்ணிக்கை சொல்லிக் கொடுத்திருக்கிறது. அந்த எண்ணிக்கையைக் கீழே சொல்கிறேன். இந்தக் கரையோர மருந்துக்கடைகளில் மருந்தாளுநராக வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்பதால் உங்கள் கேள்வி எனக்குப் புதியதல்ல. நோயாளிகள் பலர் தங்கள் மாத்திரை சட்டத்தில் எங்கே நிற்கிறது என்று தெரியாமலேயே பயந்து வாழ்கிறார்கள். வேறு சிலர் அதே காரணத்தால் பயமே இல்லாமல் அதைக் கைமாற்றுகிறார்கள். இரண்டுமே நல்லதல்ல.

அண்ணன் சொன்னது தவறில்லை. அமெரிக்காவில் 1970-ல் வந்த கட்டுப்பாட்டுப் பொருட்கள் சட்டம் மருந்துகளை ஐந்து அட்டவணைகளாகப் பிரிக்கிறது. மருத்துவப் பயன் உண்டா, தவறாகப் பயன்படுத்தப்படும் வாய்ப்பு எவ்வளவு, உடலும் மனமும் அதற்குப் பழகிவிடும் ஆபத்து எவ்வளவு என்ற மூன்றையும் பார்த்து இடம் ஒதுக்குகிறார்கள். மருத்துவப் பயன் இல்லை என்று அந்தச் சட்டம் கருதும் ஹெராயின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மார்ஃபின் இரண்டாவதில். அல்ப்ரஸோலம், டயஸெபம், லோரஸெபம், க்ளோனசெபம், தூக்க மாத்திரையான ஸோல்பிடெம் ஆகியவை நான்காவதில். ப்ரீகாபலின் 2005 முதல் ஐந்தாவதில். கோடீன் என்ற அபின் வகை மருந்து 100 மில்லி லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மிகாமல் உள்ள இருமல் மருந்துகளும் அந்த ஐந்தாவதில்தான்.

ஆனால் நான்காவது அட்டவணை என்றால் மூன்றாவதைவிட ஆபத்து குறைவு என்றுதான் அந்தச் சட்டம் சொல்கிறது. தனியாக நின்று பார்த்தால் ஆபத்தே குறைவு என்று எங்கும் சொல்லவில்லை. மார்ஃபினுக்கும் மயக்க மருந்தான கெட்டமைனுக்கும் பக்கத்தில் வைத்துப் போடப்பட்ட வரிசை அது. அல்ப்ரஸோலம் உள்ளிட்ட பென்ஸோடயஸெபைன் குடும்பம் முழுவதற்கும், அடிமையாதல், உடல் பழகிப் போதல், நிறுத்தும்போது வரும் பாதிப்புகள் பற்றி மிகக் கடுமையான எச்சரிக்கைக் கட்டம் அச்சிட வேண்டும் என்று 2020 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் உத்தரவிட்டது. மருந்துகள் இருந்த அட்டவணை மாறவில்லை. எச்சரிக்கை மட்டும் கனத்தது. டெக்ஸ்ட்ரோப்ரொபாக்ஸிஃபீன் என்ற வலி மாத்திரையும் அங்கே நான்காவது அட்டவணையில்தான் இருந்தது. இதயத் துடிப்பைக் கெடுக்கிறது என்று 2010-ல் சந்தையிலிருந்தே எடுக்கப்பட்டது. அட்டவணையின் எண் அடிமையாதலைப் பற்றி மட்டுமே பேசுகிறது, அதுவும் ஒப்பிட்டுத்தான். உயிருக்கு ஆபத்து உண்டா என்பது வேறு கேள்வி. உங்கள் அப்பாவுக்குக் குடிப்பழக்கம் இருந்தால், அம்மாவின் மாத்திரை அட்டை அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். சாராயமும் அல்ப்ரஸோலமும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடலாம்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இங்கே இரண்டு சட்டங்கள் தனித்தனியாக நடக்கின்றன. ஒரே மாத்திரை இரண்டிலும் அகப்படலாம், ஒன்றில் மட்டும் அகப்படலாம். ஊரில் நடக்கும் குழப்பத்தில் பாதி, இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால் வருவது.

முதலாவது, 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும், அதன்கீழ் வந்த 1945 விதிகளும். இது விற்பனையைப் பற்றியது. ஷெட்யூல் எச்-ல் உள்ள மருந்தைச் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது. ஷெட்யூல் எக்ஸ்-ல் உள்ளதற்குச் சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அந்த மருந்தை விற்கத் தனி உரிமமே தேவை. இவற்றுக்கு நடுவே 2013-ல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது ஷெட்யூல் எச்1. அம்மாவின் மாத்திரைக்குக் கடைக்காரர் நோட்டைத் திறப்பது இதனால்தான்.

அந்த நோட்டைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். கோடு போட்ட நீளப் பதிவேடு. தேதி, எழுதிய மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, கொடுத்த அளவு. மூன்று ஆண்டுகள் அதைப் பத்திரப்படுத்த வேண்டும். மருந்து ஆய்வாளர் வந்தால் கொள்முதல் பில்லை ஒரு பக்கமும் இந்தப் பதிவேட்டை மறுபக்கமும் வைத்துக்கொண்டு, அலமாரியில் இருக்கும் அட்டைகளை எண்ணச் சொல்வார். வாங்கியதிலிருந்து விற்றதைக் கழித்தால் மீதி அலமாரியில் இருந்தாக வேண்டும். கணக்கு உதைத்தால் கடை உரிமமே போய்விடும். ஆகவே அந்தக் கடைக்காரர் உங்கள் அம்மாவைச் சந்தேகப்பட்டு எழுதவில்லை. தன் தொழிலைக் காப்பாற்றிக்கொள்ள எழுதுகிறார். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: எச்1 தொடங்கியபோது அதில் இருந்த 46 பெயர்களில் பெரும்பாலானவை நுண்ணுயிர்க்கொல்லிகளும் காசநோய் மருந்துகளும்தான். செஃபிக்ஸிம் வாங்கிய குழந்தையின் பெயரும் ரிஃபாம்பிசின் வாங்கிய காசநோயாளியின் பெயரும் அம்மாவின் பெயருக்கு மேலும் கீழும் அதே பக்கத்தில் இருக்கும். அந்த நோட்டில் பெயர் ஏறினால் போதைப் பழக்கக்காரர் என்று எழுதிவிட்டார்கள் என்று நினைத்துக் கூனிக் குறுகும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

அந்த 46-ல் அல்ப்ரஸோலம், டயஸெபம், நைட்ரஸெபம், ஸோல்பிடெம், ட்ரமடால், கோடீன் எல்லாம் உண்டு. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த க்ளோனசெபம் அப்போது அதில் இல்லை. ப்ரீகாபலினும் இல்லை. இதற்கு மருத்துவக் காரணம் தேடினால் எனக்குத் தெரிந்து கிடைக்காது. பட்டியல்கள் ஒரே மூச்சில் யோசித்து எழுதப்படுவதில்லை. ஒவ்வொரு காலத்தின் தொல்லைக்கு ஏற்ப ஒவ்வொரு பெயராக ஏறுகின்றன. அதனால் மருந்தின் பெயரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், கையில் இருக்கும் அட்டையின் பின்புறத்தைப் பாருங்கள். இடது மேல் மூலையில் மருந்துச் சீட்டைக் குறிக்கும் 'ஆர்எக்ஸ்' குறி மட்டும் இருந்தால் ஷெட்யூல் எச். அந்தக் குறி சிவப்பில் இருந்து, சிவப்புக் கோடு கட்டிய பெட்டிக்குள் எச்சரிக்கை இருந்தால் எச்1. குறிக்கு முன்னால் 'என்' என்ற எழுத்து சேர்ந்து சிவப்பில் நின்றால், அந்த மருந்து நான் அடுத்துச் சொல்லப்போகும் இரண்டாவது சட்டத்துக்கும் உட்பட்டது. 'எக்ஸ்' சேர்ந்திருந்தால் ஷெட்யூல் எக்ஸ்.

சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருமுறை எழுதி வாங்கிய சீட்டை ஆண்டுக்கணக்கில் காட்டி வாங்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் நான்காவது அட்டவணை மருந்துக்கு, மருத்துவர் அனுமதித்தால் ஆறு மாதத்துக்குள் ஐந்து முறை வரை அதே சீட்டில் மீண்டும் வாங்கலாம். இங்கே விதி 65 வேறு மாதிரி. மருத்துவர் சீட்டிலேயே "மறுபடியும் கொடுக்கலாம்" என்று எழுதியிருந்தால் ஒழிய, ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான். கொடுத்ததும் மருத்துவர் கையெழுத்துக்கு மேலே கடையின் பெயரும் முகவரியும் தேதியும் பதிய வேண்டும். நம் ஊரில் உப்புக் காற்றுக்கும் ஈரத்துக்கும் பயந்து சீட்டை லேமினேஷன் செய்து கொண்டுவருகிறார்கள். அக்கறையோடு செய்கிற காரியம்தான், ஆனால் அதன்மேல் எந்த முத்திரையும் பதியாது. பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், போதும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, "மாதம் ஒருமுறை, மூன்று மாதத்துக்குக் கொடுக்கலாம்" என்று தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். அம்மாவின் அலைச்சல் பாதியாகக் குறையும். சீட்டில் எழுதிய கம்பெனி மருந்து இல்லாதபோது வேறு கம்பெனியுடையதைக் கொடுக்கவும் அந்த விதி கடைக்காரருக்கு அனுமதி தரவில்லை. ஆகவே மருத்துவரை மருந்தின் மூலப் பெயரிலேயே எழுதச் சொல்வது நல்லது.

இரண்டாவது சட்டம் 1985 நவம்பர் 14-ல் நடைமுறைக்கு வந்த போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம். போலீசார், சுங்கத் துறையினர், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தினர் எல்லாரும் கையில் எடுப்பது இதைத்தான். இது வைத்திருப்பதையே குற்றமாகப் பார்க்கும் சட்டம். மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டும் விலக்கு. அல்ப்ரஸோலம், டயஸெபம், க்ளோனசெபம், நைட்ரஸெபம், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபீனோபார்பிடால் எல்லாம் இதன் பட்டியலில் உண்டு. ட்ரமடால் 2018 ஏப்ரலில் சேர்க்கப்பட்டது. அப்போது ப்ரீகாபலின் சேரவில்லை. ஆக, அம்மாவின் மாத்திரை இரண்டு சட்டங்களிலும் இருக்கிறது.

அமெரிக்க அட்டவணை போல "ஆபத்து குறைவு" என்று ஒரு தனிப் படி இந்தச் சட்டத்தில் கிடையாது. எல்.எஸ்.டி. என்ற கடும் மயக்கப் பொருளும் அம்மாவின் அல்ப்ரஸோலமும் ஒரே அட்டவணையில்தான் நிற்கின்றன. அப்படியானால் எது அதிக ஆபத்து, எது குறைவு என்று சட்டம் எங்கே பிரிக்கிறது? எடையில். ஒவ்வொரு பொருளுக்கும் "சிறு அளவு", "வணிக அளவு" என்று இரண்டு எல்லைகளை மத்திய அரசு அறிவித்திருக்கிறது. சிறு அளவுக்கு ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரை. வணிக அளவைத் தாண்டினால் குறைந்தது பத்தாண்டு, இருபது ஆண்டு வரை போகலாம். ஜாமீன் கிடைப்பதும் குதிரைக்கொம்பு. எல்.எஸ்.டி.க்கு வணிக அளவு 0.1 கிராம். அல்ப்ரஸோலத்துக்கு 100 கிராம், டயஸெபத்துக்கு 500 கிராம். நம் சட்டத்தின் ஆபத்து வரிசை இந்தக் கிராம் கணக்குதான்.

இந்தக் கணக்கில் எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஹெராயினுக்குச் சிறு அளவு 5 கிராம், வணிக அளவு 250 கிராம். அமெரிக்காவில் நான்காவது அட்டவணையில் இருக்கும் ட்ரமடாலுக்கும் இங்கே அதே 5, அதே 250. அல்ப்ரஸோலத்துக்கு 5, 100. அதாவது காகிதத்தில் ஹெராயினைவிடக் கடுமை. தூய மருந்தை மட்டும் எடை போட்டால் இதில் ஒரு நியாயம் உண்டு. ஒரு மாத்திரையில் இருக்கும் அல்ப்ரஸோலம் அரை மில்லிகிராம்தான். 100 கிராம் சேர இரண்டு லட்சம் மாத்திரை வேண்டும். அவ்வளவு வைத்திருப்பவன் வியாபாரிதான், சந்தேகமில்லை. 2008-ல் உச்ச நீதிமன்றமும் தூய பொருளின் எடையைத்தான் பார்க்க வேண்டும் என்றது. ஆனால் 2009 நவம்பரில் மத்திய அரசு, கலவையின் மொத்த எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அறிவித்தது. 2020 ஏப்ரலில் ஹிரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. கலப்படப் பொடி விற்கும் கும்பல்கள் தப்பிக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். அந்த நோக்கத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மாத்திரைக்கு அதைப் பொருத்திப் பாருங்கள். ஒரு மாத்திரை 100 மில்லிகிராம் எடை என்று வைத்துக்கொள்வோம். அதில் மருந்து அரை மில்லிகிராம்; மீதி எல்லாம் மாவும் பிடிமானப் பொருளும். மொத்த எடையில் 50 மாத்திரையே 5 கிராமைத் தொடுகிறது. 1,000 மாத்திரையில் வணிக அளவு வந்துவிடுகிறது. தூய கணக்கில் இரண்டு லட்சம், கலவைக் கணக்கில் ஆயிரம். மாத்திரையை எந்தக் கம்பெனி எவ்வளவு மாவு சேர்த்துச் செய்தது என்பது ஒருவரின் பத்தாண்டுச் சிறையைத் தீர்மானிக்கக் கூடாது என்பதே என் கருத்து. மாத்திரைகளுக்குத் தனியாக எண்ணிக்கை வரம்பு வைப்பதுதான் நேர்மையான வழி.

அப்படி ஒரு எண்ணிக்கை வரம்பு நோயாளிக்கு ஏற்கெனவே இருக்கிறது. இதைத்தான் மேலே சொன்னேன். அதே சட்டத்தின் 1985 விதிகளில் 66-வது விதி, தன் சொந்த மருத்துவத் தேவைக்காக ஒருவர் ஒரே நேரத்தில் 100 மாத்திரை வரை மனமயக்கப் பொருளை வைத்திருக்கலாம் என்கிறது. நீண்டகாலச் சிகிச்சைக்கென்று மருத்துவர் குறிப்பாக எழுதியிருந்தால் 300 வரை வைத்திருக்கலாம். அம்மா தினம் ஒரு மாத்திரை போடுகிறார் என்றால் 100 என்பது மூன்று மாதத்துக்கு மேல் வரும். பத்து அட்டைக்குள் இருக்கும்வரை, சீட்டும் பில்லும் பையில் இருக்கும்வரை, "இதெல்லாம் யாருக்கு?" என்று கேட்டால் "எனக்கு" என்று நிமிர்ந்து சொல்லலாம். அப்பாவின் ப்ரீகாபலினுக்கும் சீட்டும் பில்லும் உடன் இருக்கட்டும். அட்டையை வெட்டி வாங்கும்போது மருந்தின் பெயரும் குறியும் அச்சிட்ட பகுதி உங்களிடம் வருமாறு கேட்டு வாங்குங்கள். பெயர் இல்லாத நான்கு மாத்திரைத் துண்டு எந்தச் சோதனையிலும் கேள்வியை வளர்க்கும்.

இனி பஸ்ஸை ஏன் நிறுத்தினார்கள் என்பதற்கு வருகிறேன். தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். மஞ்சள், பீடி இலை, கடல் அட்டை என்று போய்க்கொண்டிருந்த வழியில் இப்போது மாத்திரைகளும் போகின்றன. மண்டபம், வேதாளை, தனுஷ்கோடிப் பக்கம் இலங்கைக்குக் கடத்த இருந்தவை என்று பிடிபட்ட மாத்திரைகளைப் பற்றிய செய்திகளில் ப்ரீகாபலின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. உங்கள் அப்பாவின் கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் அதே மருந்துதான். அதிக அளவில் விழுங்கினால் கிறக்கம் தரும் என்பதால் அங்கே அதற்கு விலை. அமெரிக்க அட்டவணையில் கடைசிப் படியில் இருக்கும் மருந்து நம் கடலில் மூட்டை மூட்டையாகப் போகிறது. படி கீழே இருக்கிறது என்பதால் கெடுதல் குறைந்துவிடவில்லை. கிடைப்பது எளிது என்பதால் கூடியிருக்கிறது.

உங்கள் ஊரில் நாட்டுப் படகிலும் விசைப்படகிலும் போகும் பையன்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். "வெறும் வலி மாத்திரைதான், போதைப்பொருள் இல்லை, கொண்டுபோய் நடுக்கடலில் கொடுத்துவிட்டு வா" என்று மூட்டையைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ப்ரீகாபலினாக இருந்தால்கூட சுங்கச் சட்டம் உண்டு. உரிமம் இல்லாமல் மருந்து விற்பதற்கு மூன்று ஆண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும், குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் மருந்துச் சட்டத்தில் உண்டு. அந்த மூட்டையில் ட்ரமடாலோ அல்ப்ரஸோலமோ கலந்திருந்தால் நிலைமை தலைகீழ். போதைப்பொருள் சட்டத்தின் 35-வது பிரிவின்படி, தெரிந்தே வைத்திருந்தார் என்றுதான் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவர்தான் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். 60-வது பிரிவில் படகும் போய்விடும். தனக்குத் தெரியாமல் நடந்தது, போதிய எச்சரிக்கையோடுதான் இருந்தேன் என்று படகு உரிமையாளர் நிரூபித்தால்தான் திரும்பக் கிடைக்கும். கடன் வாங்கிக் கட்டிய படகு ஒரு இரவில் போய்விடுவதை எந்தக் குடும்பம் தாங்கும்?

இந்தக் கெடுபிடி அத்தனையும் நியாயம் என்று சொல்ல வரவில்லை. நம் மாவட்டத்துக்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடி தர்காவுக்கு அருகே ஒரு காப்பகத்தில் சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். மருந்து எட்டாத இடத்தில் சங்கிலி எட்டியிருந்தது. அதன் பிறகுதான் தர்காவுக்கு அருகிலேயே மனநல மருத்துவர் உட்கார்ந்து, தொழுகையோடு மருந்தும் கொடுக்கும் ஏற்பாடு படிப்படியாக வந்தது. வலிப்புக்கும் மனநோய்க்கும் பயன்படும் மருந்துகளில் பல, நான் மேலே சொன்ன பட்டியல்களில் இருப்பவைதான். வழக்குக்குப் பயந்து கடைக்காரர் ஃபீனோபார்பிடாலையும் டயஸெபத்தையும் வாங்கி வைப்பதையே நிறுத்திவிட்டால், சாயல்குடிப் பக்கத்துக் குழந்தைக்கு வலிப்பு வரும் இரவில் எங்கே போவது? உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2018-ல் ட்ரமடாலைச் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் என்று சொன்னதற்கும் இதுதான் காரணம்: ஏழை நாடுகளில் கடும் வலிக்கு வேறு மருந்து கிடைப்பதில்லை. கட்டுப்பாடு வேண்டும். அது நோயாளியின் வாசலில் வந்து நிற்காமல், மொத்த வியாபாரியின் கிடங்கில் தொடங்க வேண்டும் என்பதே என் வாதம். சில்லறைக் கடையில் பத்து மாத்திரைக்கு நோட்டு எழுதும் நாட்டில், ஆயிரக்கணக்கான அட்டைகள் பெட்டி பெட்டியாகக் கடற்கரை வரை வந்து சேர்கின்றன என்றால், ஓட்டை மேலே எங்கோ இருக்கிறது.

அம்மாவுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. பஸ் சோதனைக்குப் பயந்து மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். நாள்பட அல்ப்ரஸோலம் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் போகும், கை நடுங்கும், படபடப்பு பழையதைவிட அதிகமாக வரும். சிலருக்கு வலிப்பே வரலாம். குறைக்க வேண்டுமானால் மருத்துவர் சொல்கிறபடி சிறிது சிறிதாக, வாரக்கணக்கில் குறைக்க வேண்டும். அப்பாவின் ப்ரீகாபலினையும் அப்படித்தான், குறைந்தது ஒரு வாரத்துக்காவது படிப்படியாக. பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தூக்கம் வரவில்லை என்று அட்டையில் நான்கைக் கிள்ளிக் கொடுப்பதும் கூடாது. 66-வது விதியின் பாதுகாப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். கைமாறிய மாத்திரைக்கு அது இல்லை.

மதுரைக்கு அலைய முடியாமல் போனில் மருத்துவரிடம் பேசி வாங்கலாமே என்று தோன்றலாம். 2020 மார்ச்சில் வந்த தொலை மருத்துவ வழிகாட்டுதல்கள், ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளையும் போதைப்பொருள் சட்டப் பட்டியலில் உள்ளவற்றையும் அப்படி எழுதக் கூடாது என்கின்றன. அம்மாவின் மாத்திரை அதில் அடங்கும். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டினால், பக்கத்திலேயே தொடர் சிகிச்சை கிடைக்கும். அந்தச் சிகிச்சைச் சீட்டும் உங்களுக்கு ஆதாரம்தான். அதைவிட முக்கியமாக, இந்த மாத்திரை அம்மாவுக்கு இன்னும் எத்தனை நாள் தேவை என்று அங்கே கேளுங்கள். பதற்றத்துக்கு நாள்பட எடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான மருந்துகள் உண்டு. பேச்சு வழிச் சிகிச்சையும் உண்டு.

அண்ணன் விஷயம். எடுத்துப் போக வேண்டாம். இங்கே சீட்டு இருப்பது துபாய் விமான நிலையத்தில் அவரைக் காப்பாற்றாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ட்ரமடால், கோடீன், டயஸெபம் போன்றவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். அவற்றைக் கொண்டுபோக அந்நாட்டு அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து, மருத்துவரின் சீட்டையும் நோய் அறிக்கையையும் காட்டி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் போகும் பிள்ளைகளிடம், "ஊரில் உள்ளவருக்கு, சும்மா நாலு அட்டை" என்று உறவினர்கள் கொடுத்தனுப்பும் இருமல் மருந்துக்கும் வலி மாத்திரைக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் அது எத்தனையாவது அட்டவணை என்று அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. முதுகுவலிக்கு அங்கேயே ஒரு மருத்துவரிடம் காட்டி, அங்கே எழுதிக் கொடுப்பதை அங்கேயே வாங்கச் சொல்லுங்கள். இங்கே எடுத்த எக்ஸ்ரே, ஸ்கேன் அறிக்கைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் போதும்.